முப்பத்தேழு முயற்சிகளும் பதினோராம் விதியும்

கிள்ளானில் ஒரு பெண்ணின் வேலையை என்னுடைய ஒரே ஒரு கடிதம் பறித்திருக்கும். கடிதத்தில் எழுத்துப்பிழை இல்லை. தேதி, எங்கள் குறிப்பெண், உங்கள் குறிப்பெண், பொருள் வரி, அதன் கீழே கோடு, கையெழுத்து, முத்திரை எல்லாம் அததன் இடத்தில் இருந்தன. இன்றைக்கு எடுத்துப் பார்த்தாலும் வடிவத்தில் குறை சொல்ல மாட்டேன். உள்ளே இருந்த செய்திதான் தவறு.

எழுபதுகளில் நான் அரசாங்க இலாகா ஒன்றின் பதிவறையில் குமாஸ்தா. வெளியிலிருந்து வரும் கடிதம் எதுவானாலும் முதலில் என் மேசைக்கு வரும். மக்கள் எப்படியெல்லாம் கடிதம் எழுதுவார்கள் என்று அந்த மேசையில்தான் பார்த்தேன். குறிப்பெண்ணைச் சிவப்பு மையில் எழுதுவார்கள். பொருள் வரியைக் கடைசியில் போடுவார்கள். சாலாக் செலாத்தானிலிருந்து ஒருவர், உறையின் மேல் 'முக்கியம்' என்று மூன்று மொழிகளில் எழுதி, பக்கத்தில் தன் பாஸ்போர்ட் படத்தையும் ஒட்டி அனுப்புவார். நாங்கள் சிரிப்போம். ஆனால் எங்கள் விதி ஒன்றே: முதலில் 'பெறப்பட்டது' என்று முத்திரை, தேதி, பதிவேட்டில் ஒரு வரி. அபிப்பிராயமெல்லாம் அதற்கு அப்புறம். அந்தப் படம் ஒட்டிய உறைக்கும் ஒரு வரி இருந்தது. அதைக் குப்பையில் போட எனக்கு அதிகாரம் இல்லை. என் மேலதிகாரிக்கும் இல்லை.

பிறகு விருப்ப ஓய்வு எடுத்துக்கொண்டு, பிரிக்பீல்ட்ஸில் ஒரு கப்பல் ஏஜென்சியில் சேர்ந்தேன். தொண்ணூறுகளின் கடைசியில் அதன் கணினிப் பிரிவு என் பொறுப்பில் இருந்தது. பிரிவு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. மாடியில் குளிர்சாதனம் வைத்த ஓர் அறை, இரண்டு சர்வர், ஒரு டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர், நான். ஜன்னலுக்கு வெளியே பழைய ரயில்வே யார்டில் புதுக் கட்டடத்துக்கு அடித்தளத் தூண்களை இறக்கப் பைலிங் அடித்துக்கொண்டிருந்தார்கள். பிரிண்டரின் சத்தமும் அந்தச் சத்தமும் சேர்ந்தால், அறையில் யாரும் நின்று பேச விரும்ப மாட்டார்கள். எனக்கு அது வசதியாக இருந்தது.

கிள்ளானிலும் போர்ட்டிலும் உள்ள, வியாபாரிகளுக்காகச் சரக்கு அனுப்பிவைக்கும் ஃபார்வர்டிங் கம்பெனிகள், எந்தக் கன்டெய்னர் பெட்டியில் என்ன சரக்கு, யாருக்குப் போகிறது என்ற விவரத்தைக் கப்பல் புறப்படும் முன் எங்களுக்கு அனுப்ப வேண்டும். குறித்த நேரத்துக்குள் விவரம் வராவிட்டால் பெட்டி கப்பலில் ஏறாது. முன்பு தொலைநகலில் அனுப்பினார்கள். அந்த வருடத் தொடக்கத்தில் இணையம் வழியாகத்தான் அனுப்ப வேண்டும் என்று மாற்றினோம். தொலைநகல் ஏற்கப்படாது என்ற சுற்றறிக்கையை எழுதியது நானே. அதுவும் வடிவத்தில் குறையில்லாத கடிதம்.

இணையத்துக்கு வாசலைத் திறந்தால் வாசலில் காவலும் வேண்டும். அதற்குத்தான் ஃபயர்வால். அதுவும் ஒரு கணினிதான். வெளியிலிருந்து எங்கள் சர்வருக்குத் துண்டு துண்டாக வரும் தகவலில் ஒவ்வொரு துண்டையும், அதாவது பாக்கெட்டையும், நிறுத்தி, அதன் முன்னால் இருக்கும் ஹெடரைப் படிக்கும். எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, என்ன வகை என்பவை அதில் இருக்கும். கூடவே சில விருப்பக் குறிப்புகளும் இருக்கலாம். நான் எழுதிக் கொடுத்த விதிகளை ஃபயர்வால் வரிசையாகப் பார்த்து, முதலில் பொருந்தும் விதிப்படி பாக்கெட்டை உள்ளே விடும், அல்லது விடாது. எழுதிக் கொடுத்ததை அப்படியே செய்யும் ஒரு குமாஸ்தாவை என் வாழ்நாளில் அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தேன். எனக்கு அதை மிகவும் பிடித்துப்போயிற்று.

அந்தக் காலத்தில் ஹெடரைக் கோணலாக்கி அனுப்பி, அடுத்தவர் கணினியை மயங்கி விழவைப்பது சிலருக்குப் பொழுதுபோக்கு. நீளம் இவ்வளவு என்று ஹெடரில் எழுதியிருக்கும், உள்ளே அவ்வளவு இருக்காது. அனுப்புபவர் முகவரியும் பெறுபவர் முகவரியும் ஒன்றாகவே இருக்கும். வாங்கிய கணினி குழம்பி நின்றுவிடும். அம்பாங்கில் வேறொரு கம்பெனியின் சர்வர் ஒரு மத்தியானம் முழுக்க விழுந்து விழுந்து எழுந்தது என்று கேள்விப்பட்ட அன்றே பதினோராம் விதியை எழுதினேன். ஹெடரில் எனக்குத் தெரியாத குறிப்பு எது இருந்தாலும் அந்தப் பாக்கெட்டை எறிந்துவிடு. அனுப்பியவருக்கு எந்தப் பதிலும் சொல்லாதே.

இதுவரை நான் செய்தது பாதி சரி. மீதியையும் சொல்லிவிடுகிறேன்.

ஃபயர்வால் தான் தடுத்த ஒவ்வொரு பாக்கெட்டையும் ஒரு வரியாக லாக் என்ற தன் பதிவேட்டில் எழுதும். எல்லாரும் அந்த லாக்கைக் கணினியிலேயே வைத்திருப்பார்கள். நான் தினமும் காலையில் அதை அச்சடித்து, ஓட்டை போட்டு, பச்சைக் கயிற்றில் கோர்த்து, பக்க எண் போட்டு, ஓரத்தில் சுருக்கொப்பம் இட்டு, கோப்பில் வைப்பேன். கணினி அழியும்; கோப்பு நிற்கும். ஒரு மாதம் யாரோ வெளியிலிருந்து கோணல் பாக்கெட்டுகளை மழையாக அனுப்பினார்கள். தாள் பெட்டி மூன்று தீர்ந்தது. ஸ்டோரிலிருந்து எனக்கு ஒரு மெமோ வந்தது: தாள் உபயோகத்துக்கு விளக்கம் தேவை. நான் விளக்கம் எழுதவில்லை. பதினோராம் விதியில் 'பதிவு செய்' என்று இருந்ததை 'பதிவு வேண்டாம்' என்று மாற்றினேன். மறுநாளே லாக் இரண்டு பக்கத்துக்கு இறங்கியது. கோப்பு ஒல்லியாகவும் அழகாகவும் ஆனது.

இருபது வருடம் 'பெறப்பட்டது' முத்திரை குத்திய கை அது. ஒரு மெமோவுக்குப் பயந்து முத்திரையைத் தூக்கிப் போட்டுவிட்டது.

அந்தப் பெண் முதலில் தொலைபேசியில் கூப்பிட்டது ஒரு திங்கட்கிழமை. கிள்ளானில் ஒரு ஃபார்வர்டிங் கம்பெனியில் பதினோரு வருடமாக ஷிப்பிங் கிளார்க். நேரில் பார்த்ததில்லை, குரல் மட்டும் தெரியும். தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு மரச்சாமான் தொழிற்சாலையின் பெட்டிகளை அவள்தான் கவனித்து வந்தாள்.

"சார், காலையிலருந்து டிரை பண்றேன். உள்ளயே போகமாட்டேங்குது லா."

"எர்ரர் என்னம்மா வருது?"

"எர்ரர் வந்தாத் தேவலையே சார். மோடம் கூவுது, கனெக்டட்னு வருது. மத்த வெப்சைட்லாம் தொறக்குது. ஒங்க சர்வருக்குப் போனா மட்டும் சும்மாவே நிக்குது. அப்பறம் டைம் அவுட்."

"ஒங்க பக்கம் லைன் சரியில்லாம இருக்கும். மறுபடி போட்டுப் பாருங்க."

"எட்டு வாட்டி போட்டுட்டேன் சார். புக்குல எழுதி வச்சிருக்கேன்."

புதுக் கணினி ஏதாவது மாற்றினீர்களா என்று கேட்டேன். புகார் வந்தால் கேட்க நான் எழுதி வைத்திருந்த பட்டியலில் இருந்த கேள்வி அது, அதனால் கேட்டேன். போன வாரம் முதலாளி புதுக் கணினி வாங்கினார், பழையதைத் தன் பிள்ளைகளுக்கு வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார் என்றாள். அந்தப் பதிலோடு நான் என்ன செய்ய வேண்டும் என்பது பட்டியலில் இல்லை. என் மேசையில் இருந்த கணினியிலிருந்து எங்கள் சர்வரைத் தொட்டுப் பார்த்தேன். உடனே திறந்தது. என் மேசை ஃபயர்வாலுக்கு உள்பக்கம் இருந்தது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. லாக் கோப்பையும் புரட்டிப் பார்த்தேன். கிள்ளானிலிருந்து யாரையும் தடுத்ததாக ஒரு வரி கூட இல்லை.

"இங்க எல்லாம் சரியா இருக்கும்மா. மெஷின் பொய் சொல்லாது."

செவ்வாய்க்கிழமை இரண்டு முறை கூப்பிட்டாள். புதன்கிழமை ஒரு முறை. அன்று மத்தியானம் நேரம் முடியும் தறுவாயில் விவரத்தைத் தொலைநகலில் அனுப்பினாள். கீழே கவுண்டரில் என் சுற்றறிக்கையின்படி 'ஏற்கப்படவில்லை' என்று முத்திரை குத்தி வைத்துவிட்டார்கள். பெட்டி போர்ட்டில் நின்றது. கப்பல் போய்விட்டது.

வியாழக்கிழமை அவளுடைய முதலாளி கூப்பிட்டார். அப்பா காலத்திலிருந்து வியாபாரக் குடும்பம். கோபத்தில்கூட மரியாதை குறையாது.

"அண்ணே, ஒரே ஒரு கேள்விதான். ஒங்க சைட்ல ப்ராப்ளமா, இல்லையா?"

"எங்க சைட்ல ஒண்ணுமில்ல."

"மூணு நாளாப் போட்டுப் பார்த்தேன்னு சொல்லுது அந்தப் பொண்ணு. எனக்கென்னமோ மறந்துட்டு, கடைசி நேரத்துல ஃபேக்ஸ் அடிச்சிட்டு, இப்பக் கதை விடுதுன்னு தோணுது. ஃபேக்டரிக்காரன் என் கழுத்துல நிக்கிறான். எனக்கு பிளாக் அண்ட் வைட்ல குடுங்க அண்ணே."

எழுத்தில் கொடுப்பதென்றால் எனக்குக் கசக்குமா? அன்றே கடிதம் போயிற்று. எங்கள் பதிவுகளைச் சரிபார்த்ததில், குறிப்பிட்ட மூன்று நாட்களிலும் உங்கள் அலுவலகத்திலிருந்து எந்த இணைப்பு முயற்சியும் வரவில்லை என்று எழுதினேன். பதிவுகளில் இல்லை என்பதுதான் எனக்குத் தெரிந்தது. வரவில்லை என்று எழுத எனக்கு எந்த ஆதாரமும் கிடையாது. பதிவறையில் வேலை பார்த்தவன் இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்தது வெட்கக்கேடு.

அடுத்த வாரம் அவளே கூப்பிட்டாள். இந்த முறை, சகஜமாகப் பேசும்போது எங்கள் ஊர்ப் பேச்சில் ஒட்டிக்கொள்ளும் 'லா' அவள் குரலில் இல்லை.

"சார், வெள்ளிக்கெழமை எனக்கு உள்விசாரணை. வேலையில கவனக்குறைவு, பொய் சொன்னதுன்னு ரெண்டு குத்தம். ஒங்க லெட்டரத்தான் காட்டுறாங்க."

"நான் பதிவுல இருக்கிறதத்தானே எழுதினேன்?"

"வேலை போனாக்கூட வேற தேடிக்குவேன். பொய்க்காரின்னு அனுப்பிட்டா கிள்ளான்ல எந்த ஃபார்வர்டிங் கம்பெனி சார் என்னைய எடுக்கும்? எல்லாரும் ஒரே தோசைக் கடையிலதான் சாப்புடுறாங்க."

நான் பதில் சொல்வதற்குள் அவளே, "ஒங்க மெஷினும் ஒங்கள மாதிரிதான் சார். கேட்டா பதிலே வராது," என்று சொல்லி வைத்துவிட்டாள். எனக்குக் கோபம் வந்தது. என் ஃபயர்வாலைப் பற்றி அதுவரை யாரும் அப்படிப் பேசியதில்லை.

என்னைக் காப்பாற்றியது என் மனசாட்சி என்று எழுதினால் படிப்பவர்களுக்கு நன்றாக இருக்கும். ஆனால் காப்பாற்றியது ஒரு நடைமுறை. வியாழக்கிழமை காலை அந்த முதலாளியிடமிருந்து ஒரு கடிதம் தொலைநகலில் வந்தது. அதை எங்கள் கவுண்டரில் ஏற்றுக்கொண்டார்கள். சரக்கு விவரம் மட்டும்தான் ஏற்கக்கூடாது. விசாரணையில் வைப்பதற்காக ஃபயர்வால் விதிகளின் நகலை, உண்மை நகல் என்று சான்றளித்து அனுப்பும்படி கேட்டிருந்தார். யார் யோசனை சொன்னார்களோ தெரியவில்லை. விதிப் பட்டியலை அச்சடித்தேன். நான்கு பக்கம். உண்மை நகல் என்று சான்றளிப்பதென்றால் ஒவ்வொரு பக்கத்திலும் முத்திரையும் சுருக்கொப்பமும் வேண்டும். படிக்காமல் நான் எதிலும் சுருக்கொப்பம் இட்டதில்லை. அதனால் நானே எழுதிய விதிகளை ஒரு வரி விடாமல் படித்தேன்.

அந்த அச்சில் ஒவ்வொரு விதிக்கும் நேராக, ஓரத்தில் ஓர் எண் இருந்தது. மாதத் தொடக்கத்திலிருந்து அந்த விதி எத்தனை பாக்கெட்டுகளுக்குப் பொருந்தியது என்ற கணக்கு. லாக்கில் எழுத வேண்டாம் என்று சொன்னாலும், ஃபயர்வால் தன் பாட்டுக்கு எண்ணிக்கொண்டு இருந்திருக்கிறது. பதினோராம் விதிக்கு நேரே நூற்று ஐம்பத்தொன்று.

முத்திரை கையிலேயே இருந்தது. பைலிங் சத்தம் நான்கைந்து முறை கேட்டது. முத்திரையை மேசையில் வைத்துவிட்டு, நூற்று ஐம்பத்தொரு பாக்கெட்டுகளும் யாருடையவை என்று பார்க்கலாமென்று கோப்பைத் திறந்தேன். கோப்பில் ஒன்றும் இல்லை. இருக்காதபடி நான்தான் செய்திருந்தேன்.

கிள்ளானுக்குப் போன் போட்டேன்.

"புக்குல எத்தனை வாட்டின்னு எழுதி வச்சிருக்கீங்க?"

"எதுக்கு சார், இன்னொரு லெட்டர் போடப் போறீங்களா?"

"எத்தனைம்மா?"

பக்கங்கள் புரளும் சத்தம் கேட்டது. "மூணு நாளும் சேத்து முப்பத்தேழு."

"இப்ப நான் வச்சிடுறேன். நீங்க ஒரே ஒரு வாட்டி போட்டுப் பாருங்க. டைம் அவுட் ஆனதும் என்னையக் கூப்புடுங்க. இத ஒங்க கணக்குல சேக்காதீங்க, இது என் கணக்கு."

அவர்களிடம் மோடத்துக்கும் தொலைபேசிக்கும் ஒரே லைன். அதனால் பேசிக்கொண்டே பார்க்க முடியாது. நான் எண்ணைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். நூற்று ஐம்பத்திரண்டு. சில நொடிகளில் ஐம்பத்து மூன்று. இன்னும் கொஞ்சம் பொறுத்து ஐம்பத்து நான்கு. நெடுநேரம் கழித்து ஐம்பத்தைந்து. அதோடு நின்றது. அவளுடைய கணினி ஒவ்வொரு முயற்சிக்கும் நான்கு முறை கதவைத் தட்டியிருக்கிறது. முறைக்கு முறை கூடுதலாகக் காத்திருந்து தட்டியிருக்கிறது. நல்ல வளர்ப்பு.

முப்பத்தேழை நான்கால் பெருக்கினால் நூற்று நாற்பத்தெட்டு. மீதி மூன்று யாருடையது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. யாரோ ஒருவர் மூன்று முறை தட்டிவிட்டு, நான்காவது முறைக்குக் காத்திருக்காமல் போயிருக்கிறார்.

போன் அடித்தது. "சார், அதே கதைதான். சும்மா நின்னுச்சு."

"சும்மா நிக்கலம்மா. நாலு வாட்டி வந்துச்சு. நான்தான் தொறக்கல."

அவள் நோட்டை மூடும் சத்தம் கேட்டது. பிறகு, "விசாரணை நாளைக்குக் காலையில பத்து மணிக்கு சார்," என்றாள்.

கீழ்த்தளத்தில் ஒருவர் வாங்கியிருந்த புதுக் கணினியை மத்தியானத்துக்கு இரவல் வாங்கி, ஃபயர்வாலுக்கு வெளியே வைத்து, அது என்ன அனுப்புகிறது என்று பார்த்தேன். பழைய கணினிகள் அனுப்பாத ஒரு குறிப்பை அது முதல் பாக்கெட்டின் ஹெடரில் சேர்த்திருந்தது. அதன் பொருள் கிட்டத்தட்ட இதுதான்: நடுவில் ஏதாவது தொலைந்துபோனால் தொலைந்ததை மட்டும் திருப்பிக் கேட்க எனக்குத் தெரியும், உனக்குத் தெரியுமா? எங்கள் சர்வருக்குத் தெரியாது. தெரியாவிட்டால் குற்றமில்லை. அந்தக் குறிப்பைக் கண்டுகொள்ளாமல் மற்றதற்குப் பதில் சொன்னால் போதும். இரண்டும் பழைய முறையிலேயே பேசிக்கொள்ளும். தெரியாத குறிப்பைத் தாண்டிப் போ என்று இணையத்தின் விதிப்புத்தகத்தில் தெளிவாக இருக்கிறது. நான் படித்திருந்தேன். பென்சிலால் கோடும் போட்டிருந்தேன். அந்தக் கோட்டைப் பார்த்தபோது எனக்கு என் மேலேயே சிரிப்பு வந்தது.

இந்த விஷயத்தில் எனக்கு இன்றும் உறுதியான அபிப்பிராயம் உண்டு. கோணலானதும் புதியதும் வேறு வேறு. நீளத்தைப் பற்றிப் பொய் சொல்லும் ஹெடர் கோணலானது. அதற்கு உள்ளே இடமில்லை. இன்ன வழியாகத்தான் என்னை அனுப்ப வேண்டும் என்று பாதையைத் தானே கட்டளையிடும் குறிப்பு ஒன்று உண்டு. அது என்ன செய்யும் என்று தெரியும், தெரிந்தே தடுக்கிறோம். ஆனால் ஒழுங்கான நீளத்தோடு, நான் இதுவரை கேள்விப்படாத ஒரு குறிப்பு வந்தால், அதனால் சர்வருக்குக் கேடு உண்டா என்று சோதித்துப் பார்த்துவிட்டு உள்ளே விடலாம். பயமாக இருந்தால் அந்தக் குறிப்பை மட்டும் அழித்துவிட்டு மிச்சத்தை அனுப்பலாம். நாளைக்கு வரப்போகும் நல்ல விஷயங்களெல்லாம் இன்றைக்குத் தெரியாத குறிப்பாகத்தான் வாசலுக்கு வரும். அதையும் மீறித் தடுத்தே தீருவதென்றால், மறுக்கப்பட்டது என்று ஒரு பதிலாவது அனுப்ப வேண்டும். அப்படி ஒரு பதில் போயிருந்தால் அவள் திங்கட்கிழமை காலையிலேயே 'மறுக்கிறது சார்' என்று சொல்லியிருப்பாள். நானும் வாசலைப் பார்த்திருப்பேன். பொய்யான முகவரி போட்டு வருபவற்றுக்கு மட்டும் மௌனம்தான் சரி. பதில் அனுப்பினால் அது சம்பந்தமில்லாத ஒருவர் வீட்டுக்குப் போய்ச் சேரும். ஆனால் பதில் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் பதிவு வேண்டும். வரி வரியாக எழுதத் தாள் போதாதென்றால், மணிக்கு ஒருமுறை, இந்த விதியில் இத்தனை என்று ஒரே வரி போதும். தாள் தின்னாது.

பதினோராம் விதியை அப்படிப் பிரித்து எழுதி, இரவல் கணினியைக் கொண்டு சோதித்தேன். புதுக் குறிப்பு வந்தது. சர்வர் அதைச் சட்டை செய்யாமல் பதில் சொன்னது, விழவில்லை. வேண்டுமென்றே கோணலாக்கிய சில பாக்கெட்டுகளையும் அனுப்பிப் பார்த்தேன். அவை வாசலிலேயே நின்றன; ஒரே வரியில் பதிவும் ஆயின.

எங்கள் மேலாளர் நல்ல மனிதர். விதியை மாற்றிவிட்டீர்கள் அல்லவா, இனிமேல் வேலை செய்யும், இதற்குப் போய் எதற்குக் கடிதம், எதற்குக் கிள்ளான், ஒரு போன் போட்டுச் சொன்னால் போதாதா என்றார். நான் அவரிடம் நடைமுறையை விளக்கினேன். முத்திரையோடு போன கடிதத்தைப் போனில் திருப்பிக் கூப்பிட முடியாது. அதே குறிப்பெண்ணில், அதே கையெழுத்தில், முந்தைய கடிதம் மீட்டுக்கொள்ளப்படுகிறது என்று இன்னொரு கடிதம் போக வேண்டும். காரணம் எழுதப்பட வேண்டும். கம்பெனிக்கு வம்பு வருமே என்றார். வரும் என்றேன். நெற்றியைத் தேய்த்துக்கொண்டே போட்டுத் தொலையுங்கள் என்றார்.

வெள்ளிக்கிழமை காலை பழைய ரயில் நிலையத்தில் கொமியூட்டர் ரயில் ஏறினேன். கிள்ளானில் இறங்கி, பூமாலைக் கடைகளைத் தாண்டி நடந்து, ஒரு துணிக்கடைக்கு மேலே இருந்த அவர்கள் அலுவலகத்துக்குப் படியேறினேன். நீள மேசைக்கு அந்தப் பக்கம் முதலாளி, அவர் மச்சான், அவர் நண்பர் ஒருவர். இந்தப் பக்கம் அந்தப் பெண். நாற்பதை நெருங்கிய வயது. தலையைப் படிய வாரி, மடியில் ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தை வைத்திருந்தாள். குரலை வைத்து நான் நினைத்திருந்ததைவிட உயரம்.

"வாங்கண்ணே, வாங்க!" முதலாளி எழுந்தே விட்டார். "நேர்லயே வந்துட்டீங்களா? ஒங்க லெட்டர்தான் மெயின் எவிடன்ஸ்."

"அந்த லெட்டர வாபஸ் வாங்கத்தான் வந்தேன்."

"வாபஸா? போட்ட லெட்டர எப்பிடிண்ணே வாபஸ் வாங்குறது?"

"அதுக்கும் ப்ரொசீஜர் இருக்கு," என்று புதுக் கடிதத்தை மேசையில் வைத்தேன். மூன்று பேரும் தலையைச் சேர்த்து வைத்துப் படித்தார்கள். மச்சான் இரண்டாம் பத்தியில் நின்றுவிட்டார்.

"அப்ப இந்தப் பொண்ணு நெசமாவே முப்பத்தேழு வாட்டி போட்டுச்சா?"

"நூத்தி நாப்பத்தெட்டு வாட்டி கதவத் தட்டியிருக்கு. என் ரூலு ஒண்ணு எல்லாத்தையும் தூக்கிப் போட்டுடுச்சு. எழுதியும் வைக்கல."

முதலாளி நாற்காலியில் சாய்ந்தார். "சரிண்ணே, கன்டெய்னர் கப்பல மிஸ் பண்ணுச்சே, அதுக்கு யாரு ரெஸ்பான்சிபல்?"

"அந்த ரூல்தான்."

"ரூல நான் எப்பிடிண்ணே டிஸ்மிஸ் பண்றது?"

"நேத்தே பண்ணியாச்சு. ஃபேக்டரிக்கும் ஒரு லெட்டர் கொண்டாந்திருக்கேன். தப்பு ஒங்க மேல இல்ல, இவங்க மேலயும் இல்லன்னு. பிளாக் அண்ட் வைட்ல."

அவர் அந்த இரண்டாம் கடிதத்தை வாங்கிப் பார்த்தார். அப்போதுதான் அவர் முகத்தின் இறுக்கம் கொஞ்சம் தளர்ந்தது. பெண்ணைப் பார்த்து, "நீ ஏன்மா இத மொதல்லயே சரியா எடுத்துச் சொல்லல?" என்றார்.

"நான் மூணு நாளா இதத்தான பாஸ் சொன்னேன்?" என்றாள் அவள். "யாருக்குப் போய்ச் சேந்துச்சு?"

முதலாளி பேனாவை நண்பர் பக்கம் தள்ளினார். நண்பர்தான் குற்றச்சாட்டு இரண்டும் தள்ளுபடி என்று விசாரணைத் தாளில் எழுதினார். எழுதியதை வாங்கிப் படித்துப் பார்த்து, தேதி விட்டுப்போயிருப்பதைச் சொன்னேன். போட்டார்.

அந்தப் பெண் எழுந்துவந்து, நோட்டுப் புத்தகத்தை என் முன் விரித்து வைத்தாள். நாள், நேரம், முடிவு என்று மூன்று கட்டம். முடிவுக் கட்டத்தில் 'பதில் இல்லை' என்று முப்பத்தேழு முறை எழுதியிருந்தது. ஒரு இடத்தில்கூட மேலே சொன்னபடி என்று கோடு போடவில்லை. என் பதிவறையில் இருந்திருந்தால் எனக்கு மேலே போயிருப்பாள்.

"இதுல சைன் போடுங்க சார். ஒவ்வொரு வரிக்கும்."

முதலாளி, "ஏம்மா, அதான் முடிஞ்சிருச்சே," என்றார்.

"அவருக்கு ப்ரொசீஜர் தெரியும் பாஸ்," என்றாள் அவள்.

எனக்குத் தெரியும்தான். வரிக்கு ஒன்றாக முப்பத்தேழு சுருக்கொப்பம் இட்டேன். கை வலித்தது. மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், யாரும் சிரிக்கவில்லை. முடித்ததும் அவள் தன் மேசைக்குப் போய்ப் புதுக் கணினியைத் தட்டினாள். மோடம் கூவியது, கரகரத்தது, அடங்கியது. எங்கள் சர்வரின் பெயரை அடித்தாள். மூச்சு விடுவதற்குள் திரையில் எங்கள் படிவம் வந்து நின்றது.

முதலாளி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையைக் குனிந்து பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. பேனாவை எடுத்து, முப்பத்தெட்டு என்று எண் போட்டு, நேரம் எழுதி, மூன்றாவது கட்டத்தில் 'பதில் வந்தது' என்று எழுதி நோட்டை என் பக்கம் தள்ளினாள்.

படித்துப் பார்த்துவிட்டுத்தான் சுருக்கொப்பம் இட்டேன்.